அப்பாவும் பாப்பாவும் ஏற ஒரு பாய்மரப் படகு... எதை வாங்குவது?

"என் பொண்ணுக்கு ஏழு வயசுங்க. நானும் அவளும் சேர்ந்து ஓட்டற மாதிரி சின்னதா ஒரு பாய்மரப் படகு வாங்கலாம்னு இருக்கேன். எது வாங்கினா நல்லாருக்கும்?"

இந்தக் கேள்வி வந்தது ராமேஸ்வரத்திலிருந்தோ கடலூரிலிருந்தோ அல்ல, திருச்செங்கோட்டிலிருந்து. எந்த மிக்ஸி வாங்கலாம், எந்த சைக்கிள் நல்லது என்று கேட்டே பழகிய நம் வாசகர்களில் ஒருவர் இப்படிக் கேட்டதும் டெஸ்க்கில் ஒரு சிரிப்பு எழுந்தது. "அங்க ஏதுப்பா தண்ணி? போர் போட்டாலே பாதாளத்துலதானே வருது" என்றார் சீனியர் ஒருவர். நானும் அந்த மலையடிவாரத்தில் வளர்ந்த ஆள்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்டவருக்கு போன் போட்டேன்.

போர்வெல் வண்டிகளுக்கு உதிரி பாகம் விற்கும் கடை வைத்திருக்கிறார். ஒலிம்பிக் சமயத்தில் மகள் போனில் பாய்மரப் படகுப் போட்டியைப் பார்த்திருக்கிறாள். அன்றிலிருந்து பிடிவாதம். "பூலாம்பட்டிக்குக் கூட்டிட்டுப் போயி விசைப்படகுல நெருஞ்சிப்பேட்டை வரைக்கும் போயிட்டு வந்தேனுங்க. 'இது வேண்டாம்ப்பா, சத்தம் போடாத படகு வேணும்'னு சொல்லிட்டா" என்றார். பேச்சின் நடுவே நான் 'ரிக்' என்றேன். பாய்மரம், பாய், கயிறு எல்லாம் சேர்ந்த அமைப்புக்குப் படகுக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் அதுதான். "ஏனுங்க, ரிக்குன்னா நம்மூருதானுங்களே!" என்று அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார்.

பிறகு சில கேள்விகள் நான் கேட்டேன். உங்களுக்கு நீச்சல் தெரியுமா? "கிணத்து நீச்சல் தெரியுமுங்க." பாப்பாவுக்கு? "இன்னும் இல்லை." நீங்கள் பாய்மரப் படகு ஓட்டியிருக்கிறீர்களா? "எங்கீங்க..." வீட்டில் என்ன சொல்கிறார்கள்? கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அவங்கம்மா ஒத்துக்கவே இல்லீங்க. ஆத்துலயும் கிணத்துலயும் போற உசுரு பத்தாதான்னு கேக்கறாங்க."

அந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் 'நீரில் மூழ்கி' என்று முடிகிற, தொடங்குகிற செய்திகளை டைப் செய்யும் வேலை எங்களுடையது. காவிரி, கல்குவாரிக் குட்டை, விவசாயக் கிணறு என்று இடம் மாறும். மற்றபடி செய்தி ஒன்றுதான். அதனால் எந்தப் படகு என்ற கேள்விக்குப் பதில் தேடும்போது, விலையும் அழகும் எனக்கு இரண்டாம்பட்சமாகத்தான் தெரிந்தன. கவிழ்ந்தால் அந்த ஏழு வயதுக் குழந்தை எங்கே இருப்பாள்? அதைத்தான் முதலில் பார்த்தேன்.

பரிசலில் பாய் கட்டினால் என்ன?

நம் பக்கத்து ஆட்களுக்குத் தெரிந்த படகு பரிசல். ஒகேனக்கல் போனவர்கள் எல்லோரும் ஏறியிருப்பார்கள். அதில் ஒரு கம்பு நட்டு, லாரித் தார்ப்பாயில் ஒரு துண்டைக் கட்டினால் பாய்மரப் படகு ஆகிவிடாதா என்று ஒருவர் கேட்டால், ஆகாது. பரிசல் வட்டமானது, அடி தட்டையானது. காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் போகும், சுற்றிக்கொண்டே போகும். திரும்பி வர முடியாது.

பாய்மரப் படகின் சூட்சுமம் மேலே இருக்கும் பாயில் பாதி, கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும் ஒரு பலகையில் பாதி. டாகர்போர்டு, சென்டர்போர்டு என்று இரண்டு வகை. மேலே இழுத்து எடுப்பது முன்னது, கத்தி மடங்குவதுபோல் மடங்குவது பின்னது. காற்று படகைப் பக்கவாட்டில் தள்ளும். இந்தப் பலகை அந்தத் தள்ளலுக்கு இடம் கொடுக்காது. இரண்டுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட படகு முன்னால் நழுவுகிறது. அதனால்தான் காற்று வரும் திசையை நோக்கிக்கூட ஓரளவு போக முடிகிறது. நேராக அல்ல, ஏறக்குறைய 45 டிகிரி சாய்வில், இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று வளைந்து வளைந்து. ஏற்காடு மலைப்பாதையில் லாரி ஏறுவதை நினைத்துக்கொள்ளுங்கள். நேரே ஏற முடியாத மலையை 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுகிறோம் இல்லையா, அதே கணக்கு.

தார்ப்பாய்க் கயிறு ஒன்று அவிழ்ந்து போனால் ஓடுகிற லாரியில் என்ன நடக்கும் என்பது சங்ககிரி, திருச்செங்கோடு டிரைவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பாய் என்றால் அவ்வளவு பலம். அந்தப் பலத்தை ஒரு குழந்தையின் கையில் கொடுக்கப் போகிறோம்.

தொட்டி மாதிரி ஒரு படகு

உலகம் முழுக்கக் குழந்தைகள் பாய்மரம் பழகுவது பெரும்பாலும் ஒரே படகில்தான். பெயர் ஆப்டிமிஸ்ட். பார்த்தால் படகு மாதிரியே இருக்காது. மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டிக்குப் பாய் கட்டியது போல இருக்கும். மூக்கு கூராக இல்லாமல் சப்பையாக வெட்டப்பட்டிருக்கும்.

அதற்குக் காரணம் உண்டு. 1947-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளியர்வாட்டர் என்ற ஊரில், பிள்ளைகள் மரப்பெட்டியில் சக்கரம் மாட்டிச் சரிவில் உருட்டிவிடும் பந்தயம் பிரபலம். அதைப்போலத் தண்ணீரிலும் ஒன்று வேண்டும், செலவு 50 டாலருக்குள் முடிய வேண்டும் என்று கிளிஃபர்ட் மெக்கே என்பவர் கேட்க, கிளார்க் மில்ஸ் என்ற படகு கட்டுபவர் வடிவமைத்தது இது. எட்டடிக்கு நாலடி பிளைவுட் இரண்டு ஷீட்டில் படகு முடிந்துவிட வேண்டும் என்பது கணக்கு. எட்டடி பலகையில் கூர்மூக்கு வைத்தால் இடம் வீணாகும், வெட்டிவிட்டார். சிக்கனத்தில் பிறந்த அந்தச் சப்பை மூக்குதான் இன்றைக்கும் அதன் அடையாளம்.

நீளம் 2.36 மீட்டர், எடை 35 கிலோ, பாய் 3.3 சதுர மீட்டர். ஒரே பாய், ஒரே சுக்கான், ஒரே கயிறு. எல்லாமே குழந்தையின் கைக்கு எட்டும் தூரம். உள்ளே மூன்று காற்றுப்பைகள் கட்டியிருப்பதால் கவிழ்ந்தாலும் மூழ்காது. போட்டிகளில் 15 வயது வரை ஓட்டலாம்.

அண்ணனின் கண்ணில் பட்டதும் இதுதான். ஆனால் ஒரு சிக்கல். இது ஒரு குழந்தைக்கான படகு. அப்பா ஏறினால் விளிம்பு தண்ணீரைத் தொடப் பார்க்கும்; மடக்கிய முழங்காலை வைக்க இடமிருக்காது. பாப்பா ஓட்ட, அப்பா கரையில் நின்று பார்க்க வேண்டும். "அப்ப சேர்ந்து போக முடியாதுங்களா?" என்று அவர் கேட்டதில் ஏமாற்றம் தெரிந்தது. கேட்டது மகளுக்கு மட்டும் அல்ல என்பது எனக்கு அப்போது புரிந்தது. அதில் தப்பும் இல்லை. காலை ஏழு மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணிக்குப் பூட்டுகிறவர் மகளோடு ஒரு மணி நேரம் தண்ணீரில் இருக்க ஆசைப்படுகிறார்.

ஒரு பத்திரிகை விட்ட படகு

அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து போவதற்கென்றே அளவெடுத்த மாதிரி ஒரு படகு இருக்கிறது. அதைக் கொண்டுவந்தது ஒரு செய்தித்தாள் என்பதால் எனக்கு அதன் மேல் தனிப் பிரியம்.

லண்டனின் டெய்லி மிர்ரர் பத்திரிகை 1963-ல் அறிமுகப்படுத்தியது மிர்ரர் படகு. ஜாக் ஹோல்ட் என்ற படகு வடிவமைப்பாளரும், வீட்டு வேலைகளை நாமே செய்துகொள்வது எப்படி என்று டிவியில் சொல்லித்தந்துகொண்டிருந்த பாரி பக்னெல்லும் சேர்ந்து உருவாக்கினார்கள். வெட்டிய பிளைவுட் துண்டுகள் பெட்டியில் வரும். அவற்றைச் செம்புக் கம்பியால் தைத்து, இணைப்பின்மேல் கண்ணாடி இழைத் துணியைப் பிசினில் ஒட்ட வேண்டும். வீட்டு முற்றத்தில் சாதாரணக் குடும்பம் செய்து முடிக்கலாம். அப்போதைய விலை 63 பவுண்டு 11 ஷில்லிங். 70,000-க்கு மேல் உருவாகிவிட்டன. பத்திரிகையின் நிறம் சிவப்பு என்பதால் பாயும் சிவப்பு.

படகைத் தைப்பதா என்று ஆச்சரியப்பட வேண்டாம். மெட்ராஸில் துறைமுகம் வருவதற்கு முன்னால், கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்த மசூலா படகுகள் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவைதான். ஆணி அடித்தால் அலை மோதலில் பலகை பிளந்துவிடும். தைத்தால் வளைந்து கொடுக்கும். மிர்ரரில் தையல், ஒட்டும் வரை பிடித்துக்கொள்வதற்கு மட்டும்.

மிர்ரர் 3.3 மீட்டர் நீளம், 45.5 கிலோ. பெரியவர் ஒருவரும் குழந்தை ஒன்றும் தாராளமாக உட்காரலாம். உடம்பிலேயே மூடிய காற்று அறைகள் இருக்கின்றன. பாய்மரம் குட்டையானது, கழற்றிப் படகுக்குள்ளேயே வைத்துவிடலாம், கார் மேலே கட்டிக்கொண்டு போகலாம். பெரிய பாய் ஒன்று, முன்னால் குட்டிப் பாய் ஒன்று. அதாவது இரண்டு பேருக்கும் வேலை இருக்கிறது. குழந்தையைச் சும்மா உட்கார வைத்த படகில் பத்தாவது நிமிடம் "எப்பப்பா போலாம்?" என்ற கேள்வி வந்துவிடும்.

குறை என்ன? நம் ஊர்க் கிளப்புகளில் ஆப்டிமிஸ்ட்டைப் பார்ப்பதுபோல இதைப் பார்க்க முடியாது. இறக்குமதி செய்ய வேண்டும், அல்லது உரிமம் பெற்ற வரைபடம் வாங்கிச் செய்ய வேண்டும். லாரிக்குக் கூண்டு கட்டும் கைகள் நிறைந்த ஊருக்கு இரண்டாவது வழி ஒன்றும் பெரிய மலை இல்லை. ஆனால் பிளைவுட்டில் கஞ்சம் வேண்டாம். கடையில் 'வாட்டர்புரூஃப்தானுங்க' என்று கொடுப்பதெல்லாம் படகுக்கு ஆகாது, ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட்தான் வேண்டும். ஐ.எஸ். 303 முத்திரை அலமாரிக்கு.

வேண்டாம் என்று நான் சொல்வது

ஒலிம்பிக்கில் பாப்பா பார்த்த படகு லேசர். இப்போது அதன் பெயர் ஐ.எல்.சி.ஏ. நீளம் 4 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே, எடை 59 கிலோ, ஒருவர் ஓட்டுவது. பாயின் அளவு மட்டும் மாறும்: 7 என்ற வகைக்கு 7.06 சதுர மீட்டர், 6 என்பதற்கு 5.76, சிறுவர்களுக்கான 4-க்கு 4.7. நம் நாட்டில் பழையது கிடைக்க வாய்ப்புள்ள படகுகளில் ஒன்று என்பதால் ஆசை வரும். அப்பா-பாப்பாவுக்கு இது வேண்டாம். உட்காரும் குழி சின்னது. பாயின் அடிக்கட்டையான பூம் தாழ்வாக ஓடும். படகு திரும்பும்போது அந்தக் கட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வீசி வரும். குனிய மறந்த குழந்தையின் தலை அதே உயரத்தில்தான் இருக்கும்.

ஆர்.எஸ். ஃபீவா என்று ஒரு படகு உண்டு. 3.64 மீட்டர், 63 கிலோ, நம் சின்டெக்ஸ் டேங்க் மாதிரி அச்சில் வார்த்த பிளாஸ்டிக். இரண்டு சிறுவர்களோ, பெரியவரும் குழந்தையுமோ ஓட்டலாம். கல்லில் இடித்தாலும் தாங்கும். கிடைத்தால் நல்ல படகுதான். ஆனால் இந்த வகைப் பிளாஸ்டிக் உடைந்தால் ஒட்டுவது சிரமம். ஃபைபர் என்றால் திருச்செங்கோட்டிலேயே பஸ், லாரிக்கு ஃபைபர் வேலை செய்யும் பட்டறைக்கு எடுத்துப் போகலாம். எதுவானாலும் வெயிலில் போட்டுவைக்காதீர்கள். சேலம், நாமக்கல் வெயில் பாய்த் துணியை நொறுக்கிவிடும்.

வேஃபேரர் என்ற 4.82 மீட்டர் படகு குடும்பமே ஏறலாம் என்கிற ரகம். ஃபிராங்க் டை என்ற ஆங்கிலேயர் அதில் ஐஸ்லாந்து வரை போயிருக்கிறார். உடம்பு எடை மட்டும் 169 கிலோ. இழுத்துப் போக டிரெய்லர், இறக்க நாலு பேர். திருச்செங்கோட்டு அண்ணனுக்கு எதற்கு?

பழைய படகு பார்க்கப் போனால், அடிப்பகுதியைக் கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள். மெத்தென்று உள்வாங்கினால் நகர்ந்துவிடுங்கள். பாய்மரம் ஊன்றும் குழியைச் சுற்றி விரிசல் இருக்கிறதா, பலகை இறங்கும் பெட்டியில் கசிவு இருக்கிறதா என்று பார்க்க உள்ளே நாலு குடம் தண்ணீர் ஊற்றினால் போதும். காற்றுப்பைகளை முதல் நாள் ஊதி வைக்கச் சொல்லி மறுநாள் போய்ப் பாருங்கள்.

எந்தத் தண்ணீரில் விடுவீர்கள்?

"மேட்டூர் டேம் இருக்குதுங்களே" என்றார். இருக்கிறது. 1934-ல் கட்டி முடித்த ஸ்டான்லி நீர்த்தேக்கம், முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. கடல் மாதிரிதான் தெரியும். ஆனால் அங்கே நாமாகப் போய்ப் படகை இறக்கிவிட முடியாது. நீர்வளத் துறையின் அனுமதி வேண்டும். அனுமதி கிடைக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அது ஏரி அல்ல, அணை. 120 அடி நீர்மட்டம் ஜூன் 12-ஐ ஒட்டி டெல்டாவுக்குத் திறந்த பிறகு இறங்கத் தொடங்கும். போன மாதம் கரை இருந்த இடத்தில் இந்த மாதம் சேறு இருக்கும். தண்ணீர் இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் தலை காட்டுவதை நாம் போட்டோ போட்டு ரசிக்கிறோம். படகுக்காரர் கண்ணால் பாருங்கள்: தலை காட்டுவதற்கு ஒரு வாரம் முன்பு, அவை தண்ணீருக்குள் அரை மீட்டர் ஆழத்தில் நின்றுகொண்டிருக்கும்.

காற்றும் அப்படித்தான். பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் கொங்கு நாட்டுக்குள் நுழையும் காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அம்மியையே தூக்கும் என்று பெயர் வாங்கிய காற்று. மலைகள் சூழ்ந்த நீர்நிலையில் அது ஒரே சீராக வராது. சும்மா இருக்கும், திடீரென்று ஒரு அறை அறையும். குழந்தையோடு பழகுகிறவருக்கு மணிக்கு 15 கிலோமீட்டர் வரை போதும். கருவி எல்லாம் வேண்டாம். தண்ணீரில் வெள்ளை நுரை ஆங்காங்கே தெரிய ஆரம்பித்தால் அன்றைக்கு லீவு.

காவிரியில் ஓடும் தண்ணீரைப் பற்றிப் பேசவே வேண்டாம். பள்ளிபாளையம் பக்கம் அமைதியாகத் தெரிகிற இடத்தில்கூட அடியில் இழுவை இருக்கும்.

ஆகவே கற்றுக்கொள்ள சென்னைக்குத்தான் போக வேண்டும். துறைமுகத்துக்குள் அலைத்தடுப்புச் சுவர்களுக்கு உள்ளே இருக்கிறது ராயல் மெட்ராஸ் யாட் கிளப். 1911-ல் அதைத் தொடங்கியவர் துறைமுகத் தலைவர் சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங். அடுத்த ஆண்டு அதே துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக வேலைக்குச் சேர்ந்தார் ஈரோட்டில் பிறந்த ஒருவர். பெயர் ராமானுஜன். ஆமாம், கணித மேதை ராமானுஜனின் மேலதிகாரிதான் சென்னைக்குப் பாய்மர கிளப் கொடுத்தவர். நம்ம பக்கத்துக்கும் படகுக்கும் சம்பந்தமே இல்லை என்று யாராவது சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

தமிழ்நாடு பாய்மரப் படகு சங்கமும் சென்னையில் இயங்குகிறது. அந்தச் சங்கம் நடத்திய கோடை முகாமில்தான் நேத்ரா குமணன் முதன்முதலில் படகு ஏறினார். ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் ஆனார். டோக்கியோ, பாரிஸ் இரண்டிலும் ஓட்டினார். திருச்செங்கோட்டுப் பாப்பா போனில் பார்த்தது அவரைத்தான்.

"சென்னைப் புள்ளைங்களுக்குச் சரிங்க" என்று அண்ணன் இழுத்தார். அப்போது நான் விஷ்ணு சரவணனைப் பற்றிச் சொன்னேன். பிறந்தது வேலூர். கடல் இல்லாத ஊர்தான். அப்பா ராணுவத்தில் இருந்தவர், பாய்மர வீரர். மகனுக்குச் சொல்லித்தந்தது அவர்தான்; மகள் ரம்யாவும் பாய்மர வீராங்கனை. 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் விஷ்ணு வெண்கலம் வாங்கினார். அவரும் இரண்டு ஒலிம்பிக் பார்த்துவிட்டார். ஹைதராபாத்தில் நடு ஊரில் இருக்கும் ஹுசைன் சாகர் ஏரியில் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் பாய்மரம் பழகி தேசியப் போட்டிகளுக்குப் போகிறார்கள். கடல் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. பக்கத்தில் தெரிந்த ஆள் இருக்க வேண்டும்.

கவிழும். நிச்சயம் கவிழும்.

சின்னப் பாய்மரப் படகு கவிழ்வது விபத்து அல்ல. சைக்கிள் பழகும்போது விழுவது மாதிரி. பயிற்சியாளர்கள் முதல் சில நாட்களிலேயே வேண்டுமென்றே கவிழ்த்துக் காட்டுவார்கள். அதைப் பார்த்துப் பயப்படாமல், அதற்கு முன்னால் சில விஷயங்களைச் சரி செய்துகொள்ளுங்கள்.

லைஃப் ஜாக்கெட்டில் இரண்டு ரகம். 50 நியூட்டன் என்று போட்டிருப்பது நீச்சல் தெரிந்தவர் மிதக்க உதவுவது, அவ்வளவுதான். 100 நியூட்டன், கழுத்துக்குப் பின்னால் பட்டை உள்ளது, குப்புற விழுந்தவரையும் முகம் மேலே இருக்கும்படி திருப்பப் பார்க்கும். நீச்சல் தெரியாத ஏழு வயதுக்கு இரண்டாவதுதான், அதுவும் தொடைகளுக்கு நடுவே மாட்டும் வார் இருக்க வேண்டும். வார் இல்லாவிட்டால் தண்ணீரில் ஜாக்கெட் மட்டும் மேலே வரும், குழந்தை கீழே நழுவும். 'வளர்ற பிள்ளை, ஒரு சைஸ் பெருசா எடுப்போம்' என்று தீபாவளி டிரஸ் எடுக்கிற கணக்கு இங்கே ஆகாது. குழந்தையின் எடைக்கு எது என்று லேபிளில் போட்டிருக்கும். மாட்டிவிட்டு, தோள்பட்டையைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். காது வரை ஏறினால் அது அவளுக்கானது இல்லை.

இருவரும் இருக்கும் படகு கவிழ்ந்தால், முதலில் குழந்தை, பிறகு படகு. பாய்க்கு அடியிலா, கயிற்றில் கால் சிக்கியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்துவிட வேண்டும். குழந்தையை எக்காரணம் கொண்டும் படகோடு சேர்த்துக் கட்டக் கூடாது. பாதுகாப்பு என்று நினைத்துச் செய்கிற மிக ஆபத்தான காரியம் அது. அடுத்து, அப்பா சுற்றிப் போய் அடிப்பலகையின் மேல் ஏறி நின்று சாய்ந்து இழுப்பார். குழந்தை படகின் உள்பக்கம் ஒட்டிப் படுத்துக்கொள்வாள். படகு நிமிரும்போது கரண்டியில் அள்ளுவதுபோல அவளையும் அள்ளிக்கொண்டு நிமிரும். நல்ல பயிற்சியாளர் அரை நாளில் பழக்கிவிடுவார். பாய்மர உச்சியில் கட்டும் ஒரு மிதவைப் பையும் வாங்கிக்கொள்ளுங்கள்; படகு பக்கவாட்டில் படுப்பதோடு நின்றுவிடும், தலைகீழாகப் போகாது. நிமிர்த்த முடியவில்லை என்றால் படகைப் பிடித்தபடி காத்திருக்க வேண்டும். கரை பக்கத்தில்தானே என்று நீந்திப் போகிறவர்கள்தான் சிக்கிக்கொள்கிறார்கள். கிணற்று நீச்சல் தெரிந்தவர்களுக்கு இந்தத் தைரியம் கொஞ்சம் ஜாஸ்தி என்பதால் சொல்கிறேன்.

சுக்கான் யார் கையில்? முதல் நாளிலிருந்தே பாப்பா கையில். அப்பா முன்பாயின் கயிற்றைப் பிடிக்கட்டும். அதாவது பாப்பா டிரைவர், அப்பா கிளீனர். இதைச் சொன்னதும், "எங்க வீட்ல இப்பவே அப்படித்தானுங்க" என்றார்.

அப்போ எதை வாங்குவது?

இந்த வருஷம் எதுவும் வாங்காதீர்கள் என்றுதான் சொன்னேன். பணத்துக்காக மட்டும் இல்லை, இறக்குமதிப் படகு என்றால் லட்சங்களில் போகும் என்றாலும். பாப்பாவுக்கு முதலில் நீச்சல். பிறகு விடுமுறையில் சென்னையில் ஒரு முகாம். அங்கே கிளப்பின் ஆப்டிமிஸ்ட்டில் அவள் தனியாகப் போகட்டும், கூடவே பாதுகாப்புப் படகு இருக்கும். அதே வாரம் அப்பா பெரியவர்களுக்கான வகுப்பில் சேரட்டும். இரண்டு பேரும் தனித்தனியாக ஓட்டத் தெரிந்த பிறகு சேர்ந்து ஓட்டுகிற படகு வேறு. ஒருவருக்கும் தெரியாமல் சேர்ந்து ஏறுகிற படகு வேறு. அப்புறமும் ஆசை அடங்காமல் இருந்தால், அவள் எட்டு, ஒன்பது வயதில் இருக்கும்போது மிர்ரர் அளவில் ஒன்று. செய்வதானாலும் சரி, வாங்குவதானாலும் சரி. ஆப்டிமிஸ்ட் சொந்தமாக வேண்டாம். வளரும் குழந்தைக்கு அதில் சில வருஷம்தான், கிளப் படகே போதும்.

"சேர்ந்து போறதுக்கு இன்னும் ரெண்டு வருஷமாகுமுங்களா?" என்றார். ஆகும் என்றேன். பின்னால் ஒரு பெண் குரல், "போனை இங்க குடுங்க" என்றது. பாப்பாவின் அம்மா. அவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான்: "அந்த நீச்சல் கிளாஸ்ல பெரியவங்களையும் சேத்துக்குவாங்களாங்க? எனக்கும் தெரியாதுங்க."

சேர்த்துக்கொள்வார்கள். சேலத்திலும் ஈரோட்டிலும் பெண்களுக்குத் தனி நேரம் வைத்திருக்கிறார்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். முகாமுக்குப் போகும் முன் வயது வரம்பு, கட்டணம், தேதி மூன்றையும் கிளப்பில் போனில் கேட்டுவிடுங்கள். ஈரோட்டில் இரவு ஏற்காடு எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும் முன் சென்ட்ரல். அங்கிருந்து துறைமுகம் ஆட்டோ தூரம். பையில் முழுக்கை டிஷர்ட், கயிறு கட்டிய தொப்பி, நனைந்தாலும் கழலாத செருப்பு, மாற்றுத்துணி இரண்டு செட். ஒரு மெல்லிய மழைக்கோட்டும் வையுங்கள். சென்னை வெயிலிலும் நனைந்த குழந்தைக்குக் காற்றில் குளிரெடுக்கும்.